ரிம்பா கியாரா தீர்ப்பு: அண்டை வீட்டாருக்கும் சட்டத்தில் இடமுண்டு

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி அமைந்திருக்கும் பொதுப் பூங்கா, தாமான் ரிம்பா கியாரா. அங்கு 12 ஏக்கர் நிலத்தில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு சர்வீஸ் அபார்ட்மென்ட் கட்டடங்களும், 350 வீடுகள் கொண்ட 29 மாடி மலிவு விலைக் கட்டடம் ஒன்றும் எழுப்பத் திட்டமிடப்பட்டது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2017 ஜூலையில் இதற்கு மேம்பாட்டு உத்தரவு வழங்கியது.

பூங்கா குறையும், சாலை நெரிசல் தாங்காது, குடியிருப்பின் தன்மையே மாறிவிடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். 2017 ஆகஸ்டில் அவர்கள் நீதிமன்றம் சென்றனர்.

இந்த வழக்கில் நம் தோட்ட மக்களின் கதையும் அடங்கியிருக்கிறது. அரசு கையகப்படுத்திய புக்கிட் கியாரா தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள நீளவீடுகளில் வாழ்கின்றன. தற்காலிகம் என்று கொடுக்கப்பட்ட வீடுகள் அவை. இக்குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கும் என்பதே இந்த மேம்பாட்டுக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். நீளவீட்டு மக்களுக்கு வீடு கட்டுவதைத் தாங்கள் எதிர்க்கவில்லை, அதற்காகப் பூங்காவில் எட்டு உயர்மாடிகள் தேவையா என்பதே தங்கள் கேள்வி என்றனர் எதிர்த்தவர்கள்.

2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, மேம்பாட்டு உத்தரவை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அரசிதழில் வெளியான நகர அமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் தன் விருப்பம்போல் ஒதுக்கிவிட முடியாது. அதிலிருந்து விலகினால் காரணம் சொல்லியாக வேண்டும். அடர்த்தியைக் கூட்டும்போது அண்டை நில உரிமையாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம்.

கெமாஸ், தம்பின் வட்டார மக்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். நெகிரி செம்பிலானுக்கு 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், ஊராட்சி மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலைக்கு அப்பால் உள்ள நிலமும் அண்டை நிலமே. ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு.

உள்ளூர்த் திட்டம் உள்ள இடத்தில் இந்தக் கடிதம் வராது. எனவே அத்திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே முக்கியம். ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் தரப்படும். எந்த நிலம் விவசாயத்துக்கு, எது வீடமைப்புக்கு, எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அங்குதான் முடிவாகிறது. அதற்கு முரணாக ஊராட்சி மன்றம் அனுமதி தரக்கூடாது.

தோட்டத்தில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டை நிலத்தாருக்கான கடிதம் நில உரிமையாளரின் பெயருக்கே போகும். நிர்வாகத்தின் வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் அது தொழிலாளிக்கு வராது. வரைவுத் திட்டத்தின்போது ஆட்சேபம் எழுத நிலப்பட்டா தேவையில்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, திடல் ஆகியவை வரைபடத்தில் எந்த வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று அப்போதே பார்த்து, எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்கி வைப்பது நல்லது.

ரிம்பா கியாரா வழக்கில் பூங்கா தப்பியது. நீளவீட்டுக் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வீட்டுச் சாவியையும் கொடுக்கவில்லை. வாய்மொழியாகத் தரப்படும் வீட்டு வாக்குறுதி நாற்பது ஆண்டுகள்கூட இழுபடும். தோட்டம் கைமாறும் முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும்.