சொத்துக் கணக்கிலிருந்து குடும்ப மரத்துக்கு: ஆப்பிரிக்க அமெரிக்க வம்சாவளித் தேடலும் மென்பொருளும்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் முன்னோரைத் தேடுவோரில் பெரும்பாலோர் வந்து முட்டிக்கொள்ளும் இடத்துக்கு ‘1870 சுவர்’ என்று பெயர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரைப் பெயர் சொல்லிப் பதிந்த முதல் தேசிய மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். அரிதான சில இடங்கள் நீங்கலாக, பெயர் இராது. ஆகவே 1870-இல் முப்பது வயது என்று பதிவான ஒரு பெண்ணின் பெற்றோரை அறிய விரும்புகிறவர், அவளை அடிமையாக வைத்திருந்தவனின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் விற்பனைப் பத்திரங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

தேடல் பரவலானது, அலெக்ஸ் ஹேலி தன் முன்னோரைப் பற்றி எழுதிய ‘ரூட்ஸ்’ 1976-இல் நூலாகவும் மறு ஆண்டு தொலைக்காட்சித் தொடராகவும் வந்தபின். கணினி சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்துகொண்டது. மார்மன் திருச்சபை 1984-இல் வீட்டுக் கணினிக்கான வம்சாவளி மென்பொருளொன்றையும், மென்பொருள்களுக்கிடையே தரவை மாற்றிக்கொள்ள ‘ஜெட்காம்’ என்ற வடிவத்தையும் கொண்டுவந்தது. ஜெட்காமின் குடும்பப் பதிவு கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற அச்சில் வார்க்கப்பட்டது. அடிமைகளின் மண உறவைச் சட்டம் ஏற்கவில்லை. பிள்ளையின் நிலை தாயின் நிலையே என்று வர்ஜீனியா 1662-இலேயே சட்டம் இயற்றியிருந்ததால், தகப்பன் யார் என்று எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. மென்பொருள் கேட்டதை ஆவணம் தரவில்லை. ஆவணம் தந்ததை வைக்க மென்பொருளில் இடமில்லை.

வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார். லூசியானாவின் பாயிண்ட் கூப்பி நீதிமன்றத்தில் 1984-இல் அவர் கண்ட ஆவணங்களில் அடிமைகளின் பெயர், தொழில், விலை ஆகியவற்றோடு ஆப்பிரிக்காவில் எந்த இனத்தார் என்ற குறிப்பும் இருந்தது. பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலான பதிவுகளைத் திரட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகளின் விவரங்கள் கொண்ட தரவுத்தளத்தை 2000-இல் குறுந்தகடாக வெளியிட்டார். யாருக்கு யார் உறவு என்பதற்கு முன், ஒரு மனிதர் எந்த ஆவணத்தில், என்ன நிலையில் தென்படுகிறார் என்று கேட்ட தரவுத்தளம் அது. வம்சாவளி மென்பொருள் பின்னால் தேடி வந்த விடை இதில் இருந்ததாகவே நான் கருதுகிறேன்.

மறு ஆண்டே விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளும் குறுந்தகடாயின. 1865 முதல் 1874 வரை இயங்கிய அந்த வங்கி, கணக்குத் தொடங்க வந்தவரிடம் பிறந்த ஊர், தாய் தகப்பன், உடன்பிறந்தார் எனக் கேட்டு எழுதிக்கொண்டது. தொடக்ககாலப் படிவங்கள் சிலவற்றில் பழைய எஜமானனின் பெயருக்கும் கட்டம் உண்டு. விற்றுப் பிரிக்கப்பட்ட அண்ணன் தம்பிகளின் பெயர்கள் இப்படித்தான் தப்பிப் பிழைத்தன. வங்கி திவாலாகிப் பணம் போனாலும் படிவங்கள் நின்றன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 4,80,000 பெயர்களைப் பிரித்தெடுக்கப் பதினொரு ஆண்டுகள் உழைத்தவர்கள் உட்டா மாநிலச் சிறையின் கைதிகள்.

தனியாள் தன் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் மென்பொருளில், 2001-இல் தொடங்கிய திறமூலத் திட்டமான ‘கிராம்ப்ஸ்’ கவனத்துக்குரியது. அதில் ஒரு நிகழ்வைப் பலருக்குப் பொதுவாக்கி, அவரவர் பங்கைத் தனித்தனியே குறிக்கலாம். புதுப் பங்குகளையும் நாமே வகுக்கலாம். ஒரு விற்பனைப் பத்திரத்தை உள்ளிட்டால் விற்றவன், வாங்கியவன், விற்கப்பட்ட தாய், அவள் பிள்ளை நால்வரும் ஒரே நிகழ்வில் நிற்பார்கள். ஆனால் உரிமையாளன் குடும்ப மரத்தில் ஏறமாட்டான். அவனே தகப்பன் என்று பின்னர் தெரியவந்தால் அந்த உறவைத் தனியே பதியலாம். வெளியார் பார்க்கக் கூடாத பதிவுகளைத் தனிப்பட்டவை எனக் குறித்து, கோப்பைப் பகிரும்போது விலக்கவும் வழியுண்டு. ‘ஜெட்மேட்ச்’ தளத்தின் மரபணுத் தரவைக் கொண்டு கலிஃபோர்னியக் காவல்துறை 2018-இல் ஒருவரைக் கைதுசெய்ததும், மரபணுச் சோதனை நிறுவனமான ‘23அண்ட்மீ’ 2025-இல் திவால் மனு செய்ததும், உயிரோடிருக்கும் உறவினரின் விவரங்களை அயலார் சேவையகத்தில் வைக்கத் தயங்குவோரின் பக்கம் நியாயம் சேர்க்கின்றன.

ஆயினும் சொந்தக் கணினியில் கட்டியதைப் பிறரோடு பகிர ஜெட்காம்தான் பொதுவழி. 2021-இல் வெளியான அதன் 7.0 பதிப்பில் ஒருவரோடு ஒருவருக்குள்ள தொடர்பைக் குறிக்கத் தயாரான பட்டியல் இருக்கிறது. நண்பர், அண்டை வீட்டார், ஞானப் பெற்றோர், சாட்சி, குருமார் எல்லோரும் அதில் உண்டு. அடிமையாக வைத்திருந்தவர் என்று குறிக்க நினைத்தால் ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் தாமே எழுதிக்கொள்ள வேண்டும்.