சிவப்பு மையால் நான் அடித்த சரியான விடை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் ஜீரண மண்டல, கல்லீரல் நோய் மருத்துவர். "சார், ஞாயிற்றுக்கிழமை உங்க ஊருக்குத்தான் வர்றேன். டாக்டர்களுக்கு ஒரு சி.எம்.இ. நடக்குது, அதுல நான் பேசணும். முடிச்சிட்டு வீட்டுக்கு வர்றேன்" என்றாள். சி.எம்.இ. என்றால் தொடர் மருத்துவக் கல்வி.

"டாக்டருக்குப் படிச்சு இருபது வருஷம் ஆச்சே, இன்னும் என்னம்மா வகுப்பு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சார், பத்தாம் வகுப்பு உயிரியல் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? அல்சருக்குக் காரணம் பாக்டீரியான்னு எழுதியிருந்தேன். நீங்க அடிச்சுட்டு, ஓரத்துல 'கதை எழுதாதே'ன்னு எழுதினீங்க."

ஞாபகம் இருந்தது. 1996. அவளுடைய மாமா மருந்துக் கம்பெனி பிரதிநிதி. அவர் வீட்டில் பேசியதைக் கேட்டு எழுதியிருக்கிறாள். நான் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து இரண்டு மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டேன். "கவலை, காரம், வேளை தவறிய சாப்பாடு, அதிக அமிலம்" என்பதுதான் என் நோட்டில் இருந்த விடை. அந்த நோட்டு நான் பி.எட். முடித்த வருஷம் எழுதியது.

அவள் எழுதியதுதான் சரி. அந்த விடை உலகத்துக்குத் தெரிந்து அப்போதே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நம் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் சித்தப்பாவை நினைவிருக்கும். ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். சட்டைப் பையில் எப்போதும் சோடா மாவுப் பொட்டலம் இருக்கும். நடு ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆறிய பாலைக் குடிப்பார். "மனசுல எதையோ போட்டுக் குமையறான்" என்று பாட்டி சொல்வாள். 1986-இல் ரத்த வாந்தி எடுத்து, ஆபரேஷன் செய்தார்கள். அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியாக இணைக்கும் பெரிய ஆபரேஷன். பிழைத்தார். ஆனால் அதன்பிறகு பதினோரு வருஷமும் ஒரு கைப்பிடிச் சோறுதான்.

அன்றைய மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படித்ததைச் சரியாகச் செய்தார்கள். 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று சொல்லிவிட்டார். 1915-இல் அமெரிக்காவின் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கு ஒருமுறை பாலும் பாலாடையும் கொடுத்து, இடையே காரப்பொடி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1976-இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்து வந்த ரானிடிடின், உலகிலேயே அதிகம் விற்ற மருந்தானது. மாத்திரை சாப்பிட்டால் புண் ஆறும், நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வரும். ஏன் வருகிறது என்று கேட்டால் கவலை, காரம் என்று பதில் தயாராக இருந்தது.

இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். பெர்த் நகரத்து ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. 1979 ஜூன் மாதம், தன் 42-ஆவது பிறந்தநாளன்று, ஒரு துணுக்கில் வளைந்த வடிவத்தில் பாக்டீரியாக்களைப் பார்த்தார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்பது பாடம். வாரன் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை நம்பினார். தேடத் தேட, அழற்சி கண்ட இரைப்பைகளில் அதே கிருமி கிடைத்தது.

1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் பயிற்சி மருத்துவர் அவரோடு சேர்ந்தார். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் வீண். மற்றக் கிருமிகளைப்போல இதையும் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவிவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கழுவப்படாமல் கூடுதல் நாள் அப்படியே இருந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! அது மெதுவாக வளரும் ஜாதி, அவ்வளவுதான் விஷயம். அந்த 100 பேரில் முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? என் மாணவர்கள் வேதியியலை மறந்திருக்க மாட்டீர்கள். யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா செய்கிறது. அம்மோனியா காரம். தன்னைச் சுற்றிய அமிலத்தை நடுநிலையாக்கிக்கொண்டு சளிப்படலத்துக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. உள்சுவர் அழற்சியுற்றுப் பலம் இழந்தபின் அமிலம் அதை அரிக்கிறது. ஆகவே, அமிலம் என்று சொன்னது முழுப் பொய்யில்லை. பாதி உண்மை. பாதி உண்மையைத்தான் மறக்கவைப்பது கடினம்.

1983-இல் மார்ஷல் தன் நாட்டு ஜீரண மண்டல மருத்துவர்களின் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார். வந்தவை 67, ஏற்றவை 56. அவருடையது தள்ளுபடி. 1984-இல் 'லான்செட்' இதழ் இருவரின் ஆய்வையும் வெளியிட்டது. அப்போதும் நம்பியவர் சிலரே. அதே வருஷம் மார்ஷல் தன் இரைப்பையில் கோளாறு இல்லை என்று எண்டோஸ்கோப்பியில் உறுதி செய்துகொண்டு, கிருமி வளர்த்த கரைசலை மடமடவென்று குடித்துவிட்டார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை! சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். மறுபடி எண்டோஸ்கோப்பி செய்ததில் இரைப்பை முழுக்க அழற்சி, கிருமி. புண் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் மூடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிரேக்க நாட்டின் மெசொலோங்கி ஊரில் ஜான் லிகூடிஸ் என்ற மருத்துவர் 1958 முதலே அல்சருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துவந்தார். 1968-இல் அவருக்கு 4000 டிராக்மா அபராதம் விதித்தார்கள். 1980-இல் இறந்தும்போனார். அவர் வழி சரியாக இருந்தாலும் மற்றவர் ஏற்கும்படியான நிரூபணம் கையில் இல்லை. நிரூபணம் கேட்பது மருத்துவரின் கடமை. நிரூபணம் வந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் பிழை.

நிரூபணம் 1988-இல் வந்தது. பெர்த் குழுவினரே நடத்திய ஆய்வு. கிருமி ஒழிந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்தது 21 சதவீதம் பேருக்குத்தான். கிருமி தங்கிவிட்டவர்களில் 84 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள அல்சர் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் தர வேண்டும் என்று அறிவித்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரைப்பைப் புற்றுக்குக் காரணமானவற்றில் அதையும் சேர்த்தது.

அறிவித்துவிட்டால் போதுமா? 1997-இல் அமெரிக்காவில் இதற்கென்றே மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் தேசிய அளவில் பிரசாரம் நடத்த வேண்டியிருந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அந்த நிலை. நம் பக்கத்தில் மருந்துப் பிரதிநிதியின் பையில் வந்த செய்திதான் பல மருத்துவர்களுக்கு முதல் செய்தி. என் வகுப்புக்கும் அப்படித்தான் வந்தது. நான்தான் அடித்துவிட்டேன். 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு. அன்று தினசரியில் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது. சித்தப்பா அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் கல்லீரல் பற்றிப் பேசினாளாம். அவள் படிக்கும்போது ஹெபடைடிஸ் சி நோய்க்கு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி; பலருக்குக் குணமும் ஆகாது. 2013-க்குப் பிறகு வந்த மாத்திரைகளால் 12 வாரத்தில் பெரும்பாலோருக்கு நோய் தீர்ந்துவிடுகிறது. "ஊசியைத்தான் நான் பரீட்சையில எழுதிப் பாஸ் பண்ணினேன் சார். அதையே இன்னிக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தா என் நோயாளி கதி என்ன?" என்றாள்.

நம் நாட்டில் மருத்துவர்கள் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரமாவது இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்கார வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் வந்துபோகிறவர்களும் உண்டு என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் பின்வரிசையில் ஒரு வயதான கிராமத்து டாக்டர் கடைசிவரை குறிப்பெடுத்தாராம். அவரிடம் மறுநாள் காலையில் வரப்போகும் நோயாளியை நினைத்துப் பார்த்தேன். 1986-இல் என் சித்தப்பா நின்ற இடம் அது.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். இந்தக் கிருமி நம்மில் ஏராளமானோரிடம் இருக்கிறது. பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. மூட்டுவலி மாத்திரைகளாலும் புண் வரும். ஆன்டிபயாட்டிக்கை அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

அவள் கிளம்பும்போது, அந்த இரண்டு மதிப்பெண்ணை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டேன். "வேண்டாம் சார், அந்த டெஸ்ட்ல நான்தான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருந்தாலும் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன், அம்மா. உன்னைப்போல் வேறு யாருடைய சரியான விடையையாவது நான் அடித்திருந்தால், கீழே எழுதுங்கள் பிள்ளைகளே. எனக்கு இப்போது 71. திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.