உங்கள் கண்ணைப் பார்க்கும் ஏஐ-யை யார் சோதிக்கிறார்கள்?

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று போட்டோவைப் பார்த்தே சொல்லும் கூகுளின் ஏஐ, 2016-ல் வெளியான ஆய்வில் கண் மருத்துவர்களுக்கு இணையாகத் தேறியது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதன் பயிற்சிக்கு உதவின.

தாய்லாந்து கிளினிக்குகளுக்குப் போனபோதுதான் சிக்கல். முதல் ஆறு மாதங்களில் நர்ஸுகள் கொடுத்த 1,838 படங்களில் சுமார் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று ஏஐ திருப்பிவிட்டது. பல கிளினிக்குகளில் இருட்டாக்கக்கூடிய அறையே இல்லை, அவ்வளவுதான் விஷயம்! படம் தேறாதவர்கள், கண்ணில் கோளாறே இல்லாவிட்டாலும், இன்னொரு நாள் லீவு போட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது.

சரி, இந்தியாவில் என்ன விதி? 2020 ஏப்ரல் 1 முதல், நோயைக் கண்டறியும் மென்பொருளும் சட்டப்படி மருத்துவக் கருவிதான். ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். ஏஐ-க்கென்றே ஐசிஎம்ஆர் 2023-ல் நெறிமுறைகள் வெளியிட்டது. ஆனால் அவை வழிகாட்டுதல்கள் மட்டுமே, மீறினால் தண்டனை கிடையாது.

அதுவரை டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்: இதை உங்க பேஷண்டுகளிடம் சோதிச்சுப் பார்த்தீங்களா? ரிப்போர்ட்டை கடைசியா பார்த்தது யாரு?