சிங்கப்பூரில் சயாம் மன்னரின் யானை

தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றுப் படுகையில், தென்காசியிலும் கடையநல்லூரிலும், சிங்கப்பூருக்கு சபர் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தறியை விட்டுக் கப்பலேறி தஞ்சோங் பகாரில் குடியிருந்த பாட்டனார்களின் கதை இன்றும் நம் வீடுகளில் பேசப்படுகிறது. அந்த நகரில் நம்மவர் பலர் கடந்து போயிருந்தும் நின்று பார்த்திராத ஒரு சின்னம் உண்டு. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன், உயர்ந்த பீடத்தின்மேல் நிற்கும் வெண்கல யானைதான் அது.

1871 மார்ச் 16 அன்று சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் மன்னர் சுலாலங்கோர்ன் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 17. சயாம் மன்னர் ஒருவர் மிதித்த முதல் அயல் மண் இதுவே என்கிறது பீடத்தின் வாசகம். சுற்றிலும் ஐரோப்பியர் நாடு பிடித்துக்கொண்டிருந்த காலம். அவர்கள் ஆளும் விதத்தை நேரில் பார்க்கவே இளம் மன்னர் புறப்பட்டார். சிங்கப்பூரிலிருந்து ஜாவாவுக்குப் போனார். அடுத்த பயணத்தில் நம் நாட்டுக்கும் வந்து கல்கத்தா, டெல்லி, பம்பாய் எல்லாம் பார்த்தார்.

வந்துபோனதன் நினைவாக அவர் தம் உருவத்தை அனுப்பவில்லை, யானையை அனுப்பினார். சிங்கப்பூருக்கு ஒன்று, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு ஒன்று. ஜகார்த்தா அருங்காட்சியகத்துக்கு 'யானைக் கட்டடம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. சிங்கப்பூர் யானை முதலில் நகர மண்டபத்தின் முன் நின்றது. 1919இல் ராஃபிள்ஸ் சிலை அங்கே வரவே, இது இப்போதைய இடத்துக்கு நகர்த்தப்பட்டது. விருந்தாளி கொடுத்ததானாலும் வீட்டுக்காரர் நாற்காலி கேட்டால் எழுந்திருக்கத்தான் வேண்டும் போலும்!

நாம் கவனிக்க வேண்டியது பீடத்தை. சயாம், சீனம், ஆங்கிலம், மலாய் என நான்கு மொழிகளில் வாசகம் உள்ளது. மலாய் வாசகம் ஜாவி எழுத்தில் இருக்கிறது. அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகளை உண்டாக்கி மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறை இது. அரபுத் தமிழ் கிதாபுகள் ஓதிய நம் பாட்டிமாருக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1876இல் சிங்கப்பூரில் இதே எழுத்தில் 'ஜாவி பெரானக்கான்' என்ற முதல் மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள், தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த சந்ததியினரே.

பீடத்தில் தமிழ் இல்லை. 1826இலேயே சூலியா பள்ளிவாசலை நிறுவிவிட்ட சமூகத்தின் மொழிக்கு அங்கே இடமில்லாதது நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் நம்மவர் சும்மா இருக்கவில்லை. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். 1941இல் கடையநல்லூரார் அங்கே முஸ்லிம் லீக் அமைத்தார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் திறந்தார்கள்.

சிங்கப்பூர் போகிறவர்கள் சூலியா பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு எல்ஜின் பாலம் வழியாக நடந்தால் யானை இருக்கும் இடம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஜாவி வாசகத்தைக் காட்டி, எத்தனை எழுத்துகள் தெரிகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.