இல்லத்து வழங்கிகள்: ஒரு சிறு வரலாறு

பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்த நம் முன்னோர், குடியிருக்க வீடு தேடியதற்கு அடுத்தபடியாகத் தமிழ் நூல்களை வைக்க ஓர் அலமாரி தேடினர். அவ்வலமாரியே வளர்ந்து நம் சங்க நூலகம் ஆயிற்று. இன்று நமக்கு மற்றோர் அலமாரியும் உண்டு. சங்கச் செய்தி, நூலகப் பட்டியல், சிறுவர் தமிழ் வகுப்பு, பழைய ஆண்டு மலர்கள் என்னும் நான்கு சிறு இணையத்தளங்களே அது. இவை தொலைவிலுள்ள எந்த நிறுவனத்தின் மாளிகையிலும் இல்லை; நம் குடியிருப்பின் வீடுகளிலேயே, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளில் இருந்து வருகின்றன. இத்தகைய ஏற்பாடு எவ்வாறு தோன்றிற்று என்பதையும், நாம் அதில் பட்டுத் தெரிந்ததையும் இம்மலரில் எழுதிவைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

1989-ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர்தம் குறிப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டத்தை வரைந்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் இணையத்தளம் அவரது நெக்ஸ்ட் கணினியிலேயே இயங்கிற்று. இது வழங்கி, இதனை நிறுத்தற்க என்னும் கருத்துப்படச் சிவப்பு மையினால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பெற்றிருந்தது. மேசைமேலிருந்த ஒரு பொறியை எவரேனும் அணைத்துவிட்டால், அன்றைய வையவிரிவு வலை முழுவதுமே அணைந்துவிடும் நிலை! 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் தன் மென்பொருளைக் கட்டணமின்றி உலகிற்கு உரிமையாக்கிற்று. அதற்கு முன்னரே, 1991-இல், பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியிருந்தார். 1995-இல் அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளும் வந்தது. எளிய குடும்பத்தாரும் தம் இல்லத்தில் தளம் நடத்தலாம் என்னும் நிலை இவற்றால் உண்டாயிற்று. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பெற்றது 1995 ஆகஸ்டு 15-இல். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, கடல்கடந்து வாழும் தமிழரும் கூடித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றலாயினர்.

ஒரு பொறியில் பல தளங்கள் எப்படி இயங்கும் என்று வினவுவோர் உளர். தொடக்கத்தில் ஒரு தளத்திற்கு ஓர் எண்முகவரி வேண்டியிருந்தது. 1997-இல் வெளியான புதிய நெறிமுறையின்படி, வருவோர் எத்தளத்தை நாடுகின்றனரோ அதன் பெயரையும் உடன் சொல்லல் வேண்டும். ஒரே வாயிலுடைய வீட்டில் நான்கு குடும்பங்கள் குடியிருப்பினும், தபால்காரர் பெயரைக் கூவ, உரியவர் வந்து கடிதத்தைப் பெற்றுக்கொள்வதை ஒக்கும் இது. 2012-இல் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி 35 டாலர் விலையில் வந்தபின், பொருட்செலவும் பெருந்தடையாக இல்லை.

பிறரிடம் ஒப்படைத்தால் கவலை இல்லையே எனலாம். 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ், இலட்சக்கணக்கானோருக்கு இலவசமாக இடம் தந்தது. 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் அதில் ஒரு பகுதி பிழைத்தது. ஆயினும், நம் வீட்டில் இருப்பதனாலேயே ஒன்று நிலைத்துவிடும் என்பதும் மயக்கமே. அதனை நாம் பட்டே உணர்ந்தோம்.

மலர்களின் தளத்தைத் தம் இல்லத்தில் காத்துவந்த அன்பர்க்கு ஒருநாள் மாற்றல் உத்தரவு வந்தது. கணினியும் பாத்திரங்களோடு பெட்டியில் ஏறிற்று. புதிய ஊரில் பெட்டியைத் திறந்தபோது, அதன் வட்டு பழுதாகிக் கிடந்தது. மூன்றாண்டு மலர்களுக்கு வேறு படி இல்லை. அவற்றுள் இரண்டு, நம் குடியிருப்பின் மூத்த அம்மையார் ஒருவர் தம் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளின் அடியில் வைத்திருந்த அச்சுப் பிரதிகளால் மீண்டன. மூன்றாவது மீளவேயில்லை. காலஞ்சென்ற நம் முதல் செயலாளர் குடியிருப்பின் தொடக்க நாள்களைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரை அதில்தான் இருந்தது. அவ்வன்பரைக் குறை கூறோம். ஒரு தோளிலேயே சுமையை ஏற்றிய பிழை நம் அனைவருடையது.

அதன்பின் தளங்களை முறைப்படுத்தினோம். நான்கும் இப்போது ஒரு வீட்டில் இயங்குகின்றன. அவற்றின் முழுப்படி நாள்தோறும் இரண்டாவது வீட்டிற்குச் செல்கின்றது. மூன்றாவது படி வெளியூரில் உள்ளது. தளப்பெயர்கள் தனியார் பெயரினின்றும் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்பட்டன. பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்திற்கு அனுப்பும் குறிப்பும் இட்டோம். நிலையத்தின் பெயர் மாறினும் பயணி வழிதவறலாகாது அன்றோ? கோடைகால மின்வெட்டுக்கு மின்கலம் உண்டு. மூன்று திங்களுக்கு ஒருமுறை, படியிலிருந்து ஒரு மலரை மீட்டுத் திறந்து பார்க்கின்றோம். திறந்து பாராத படி, படியே அன்று. கடவுச்சொற்களும் செய்முறையும் ஒரு பதிவேட்டில் எழுதப்பெற்றுச் சங்கப் பெட்டகத்தில் உள்ளன. இரயில்வேயில் கைமாற்றக் குறிப்பின்றி எவரும் பொறுப்பு விடுவதில்லை. அம்முறையையே இங்கும் கைக்கொண்டோம்.

பதிவேட்டில் இன்று மூவர் கையொப்பமே உள்ளது. மூவரும் நாற்பதைக் கடந்தோர். மூவருக்கும் மாற்றல் உண்டு. ஆகவே, குடியிருப்பின் இளைஞரும் நங்கையரும் முன்வந்து இப்பணியைக் கற்றுக்கொள்ள வேண்டுகின்றோம். தொலைந்த அம்மலரின் பிரதி எவர் இல்லத்துப் பரணிலேனும் இருக்குமாயின், அருள்கூர்ந்து சங்கத்திற்குத் தந்துதவுக. படியெடுத்துக்கொண்டு, அப்பிரதியைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!