இயங்கும் கணினியில் வட்டுப் படிமம்: மென்பொருள் ‘முடியாது’ என்றால் காரணம் இருக்கிறது

ஆலய வரவு செலவுக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், குடும்பப் படங்கள் என எல்லாம் இன்று பெரும்பாலும் ஒரே கணினியின் வன்தட்டில்தான் இருக்கின்றன. அது பழுதானால் கைகொடுப்பது முன்கூட்டியே எடுத்து வைத்த நகல் மட்டுமே. வன்தட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே எடுத்து வைப்பதை வட்டுப் படிமம் என்கிறோம். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்க முயன்றால் சில மென்பொருள்கள் மறுத்துவிடும்.

ஏன் ஆபத்து?

தோட்டத்துக் கிராணி பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் அதைப் பக்கம் பக்கமாக நகல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தை நகல் எடுத்த பிறகு, கிராணி அதிலுள்ள ஒரு தொகையை அடித்துவிட்டு இருநூறாம் பக்கத்தில் எழுதுகிறார். நகலில் அத்தொகை இரண்டு இடத்திலும் இருக்கும். மூலப் பேரேடு சரி, நகல்தான் தவறு.

கணினியிலும் இதே நிலைதான். படிமம் எடுத்து முடிக்க நீண்ட நேரம் ஆகும். அதற்குள் கோப்புகள் மாறுகின்றன. சில மாற்றங்கள் வன்தட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே காத்திருக்கும். இப்படி எடுத்த படிமம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும். மீட்டெடுக்கும் நாளில்தான் குறை தெரியவரும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

லினக்ஸில் உள்ள ‘டிடி’ கட்டளை எதையும் கேட்காது. சொன்னதை அப்படியே நகலெடுக்கும். தைவானின் உயர்திறன் கணினி மையம் உருவாக்கிய குளோன்சில்லா பயன்படுத்தும் ‘பார்ட்குளோன்’, வட்டுப் பகுதி பயன்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இருந்தால் நிறுத்திவிடும். விண்டோஸ் வட்டுகளுக்கான ‘என்டிஎஃப்எஸ்குளோன்’, வட்டு முறையாக மூடப்படவில்லை என்ற குறி இருந்தாலும் மறுக்கும். இத்தடைகளை மீறக் கட்டாயப்படுத்தும் கட்டளை உண்டு. அதைப் பயன்படுத்தினால் மென்பொருள் ஓடும். ஆனால் படிமத்தை நம்ப முடியாது.

நிறுத்தவே முடியாத கணினிகளுக்கு வேறு வழி உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் வந்த ‘வால்யூம் ஷேடோ காப்பி’ சேவை, ஒரு கணத்தின் நிலையை உறைய வைத்துக் காட்டும். அதற்குப் பிறகு எந்தப் பகுதி மாறினாலும் பழைய தகவல் முதலில் தனியே எடுத்து வைக்கப்படும். இச்சேவையுடன் ஒத்துழைக்கும் தரவுத்தள மென்பொருள்கள், பாதியில் நிற்கும் வேலையை அதற்குமுன் ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ஒத்துழைக்காதவற்றின் கோப்புகளோ திடீரென மின்சாரம் தடைபட்ட நிலையில் இருப்பதுபோல் பதிவாகும்.

லினக்ஸில் எல்விஎம் ‘ஸ்னாப்ஷாட்’ இதே பணியைச் செய்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியவை

• கணினியை நிறுத்தி, குளோன்சில்லா உள்ள யுஎஸ்பி வழியாக இயக்கிப் படிமம் எடுப்பதே பாதுகாப்பானது.

• விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியால், நிறுத்தினாலும் கணினி முழுமையாக நிற்பதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து யுஎஸ்பிக்குள் நுழையலாம். அல்லது ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியபடி நிறுத்தலாம்.

• இயங்கும்போதே எடுக்க நேர்ந்தால், கணக்கு மென்பொருளை முதலில் மூடிவிடுங்கள்.

• படிமத்தை வேறொரு வட்டில் சேமியுங்கள்.

• குளோன்சில்லா இறுதியில் படிமத்தைச் சோதிக்கவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். ஆனால் அச்சோதனை, படிமக் கோப்பு சிதையவில்லை என்பதை மட்டுமே காட்டும். உள்ளிருக்கும் கணக்கு சரியா என்று சொல்லாது.

ஆகவே, படிமத்தை ஒருமுறை வேறொரு காலி வட்டில் மீட்டெடுத்து, கணக்குக் கோப்பைத் திறந்து பார்ப்பது அவசியம். பழைய வட்டு நலமாக இருக்கும்போதே அதைச் செய்துவிட்டால், குறை இருந்தாலும் மறுபடி நகல் எடுக்க வாய்ப்பு இருக்கும்.