ஊருக்கு நூறு சுப்பையா

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்று முதலில் போடும் நிபந்தனை, அந்தப் பெயர் அக்கம்பக்கத்தில் யாருக்கும் இருக்கக் கூடாது என்பதுதான். பெயர்ப் புத்தகம், இணையம், எண்கணித சோதிடர் என்று அலைந்து, யார் வாயிலும் அடிபடாத ஒன்றைக் கண்டுபிடித்துத் தொட்டிலில் இடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பொறுப்பதில்லை. சுப்பையா என்றும் முருகேசன் என்றும் ஊரில் பத்துப் பேர் இருந்தோமே, யாருக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மோகம், வீண்பெருமை, சினிமா என்று அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்தான் போதவில்லை. பத்து சுப்பையாக்கள் ஓர் ஊரில் குழப்பமின்றி வாழ முடிந்ததற்குக் காரணம், ஆளை அடையாளம் காட்டும் வேலை அந்தப் பெயருக்குத் தரப்படவே இல்லை என்பதுதான். ஊர், தகப்பன், தொழில், தெரு, பட்டப்பெயர் என்று வேறு பல அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. கடந்த நூறு ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகக் கழன்று விழ, மொத்தப் பாரமும் ஒற்றைச் சொல்லின் தலையில் இறங்கிவிட்டது.

பழைய நிலையைப் பார்க்க ஆதனிடம் போக வேண்டும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் கீறியிருக்கும் பெயர்களுள் ஆதன் உண்டு. குவிரன் ஆதன் என்றும் உண்டு. கரூரை அடுத்த புகழூர் மலைக் குகையில் சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த சேரர் குடியின் கல்வெட்டிலும் ஆதன் வருகிறான். அங்கே அவன் செல்லிரும்பொறை என்ற அரசன். பானைக்காரனுக்கும் கோவுக்கும் ஒரே பெயர். தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆதன், பூதன் என்ற பெயர்கள் தந்தை என்ற சொல்லோடு சேர்ந்தால் எப்படித் திரியும் என்று சொல்வதற்கென்றே எழுத்ததிகாரத்தில் ஒரு நூற்பா வைத்திருக்கிறார். ஆதன் தந்தை ஆந்தை. பூதன் தந்தை பூந்தை. இரண்டே இரண்டு ஆட்பெயர்களுக்காக இலக்கணம் தனி விதி வகுக்கிறது என்றால், அவை தெருவில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்! ஆந்தைகள் பலர் இருந்ததால்தான் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்தவர் பிசிராந்தையார் ஆனார்.

சங்கப் புலவர் பட்டியலைக் கையில் எடுத்தால் இது இன்னும் தெளிவாகும். சாத்தன், கண்ணன், கீரன், பூதன், நாகன் என்று ஒரு சிறு கொத்துப் பெயர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. வேறுபாடெல்லாம் முன்னால் நிற்கும் அடைமொழியில் இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றால் ஊரும் வந்துவிட்டது, தானியம் விற்கும் தொழிலும் வந்துவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்பதில் ஊர், தகப்பன், தகப்பனின் தொழில் மூன்றும் ஆஜர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாருக்குத் தெருவும் உடற்குறையும்கூடச் சேர்ந்துகொண்டன. இதைப் படித்துக்கொண்டு ஒரு தபால்காரர் நேரே வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே ஒருவர் மறுக்கக்கூடும்: செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பவை அபூர்வமான பெயர்கள் இல்லையா? அவை பெற்றோர் வைத்தவை அல்ல. இயற்பெயர் தெரியாமல் போன புலவர்களுக்கு, அவர்கள் பாட்டில் வந்த உவமையை எடுத்துத் தொகுத்தவர்கள் சூட்டியவை. ஆளுக்குத் தனிப் பெயர் கிடைக்க வேண்டுமானால் அவன் ஒரு நல்ல உவமையாவது செய்திருக்க வேண்டியிருந்தது.

சோழர் காலத்தில் இந்த முறை ஒரு படிவமாகவே உறைந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவரைக் கல்வெட்டு, பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்று எழுதுகிறது. முதலில் நாடும் உரிமையும், அடுத்து தகப்பன் பெயர் ஆதித்தன், அப்புறம் சொந்தப் பெயர் சூரியன், கடைசியில் அரசன் தந்த பட்டம். தகப்பனும் ஞாயிறு, மகனும் ஞாயிறு. வடமொழியில் இரண்டு சொல் இருந்தது வசதியாகப் போயிற்று. இத்தனை நீளத்தில் சூரியன் என்ற பகுதிதான் வேலை குறைந்தது. அதே கோயிலில் கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தியபோது வெட்டிய கல்வெட்டு, தெரு, சிறகு, வீட்டு வரிசை, முன்பு அவர்கள் இருந்த கோயில் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் பெயருக்கு வருகிறது. அதிலும் நக்கன், நக்கன் என்றே எல்லாம் தொடங்கும். சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் திரட்டி நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். அத்தனை பெரிய அட்டவணை தேவைப்பட்டதற்கு ஒரு காரணம், கல்வெட்டுப் பெயர் என்பது ஒற்றைச் சொல்லாக இல்லாமல் பல உறுப்புகள் கோத்த சரமாக இருப்பது. அரசர்களுக்கும் விதிவிலக்கில்லை. இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களைச் சோழர் தலைமுறை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டதால், வெறும் கோப்பரகேசரி என்று மட்டும் இருக்கும் கல்வெட்டு எந்த மன்னனுடையது என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பெயர் திரும்ப வருவது அக்காலத்தவருக்குக் குறையாகத் தெரியவில்லை. திரும்ப வர வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குபவன்; பேத்தி பெயர்த்தி. சிறுதேர் உருட்டித் தளர்நடை போடும் குழந்தையைத் தந்தையின் பெயரன் என்று ஐங்குறுநூறு காட்டுகிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்துச் செட்டிநாட்டில் அதே வழக்கம் கணக்குப் பிசகாமல் நடந்தது. முத்தையா மகன் அண்ணாமலை, அண்ணாமலை மகன் முத்தையா. அண்ணாமலை செட்டியார் 1929இல் பல்கலைக்கழகம் நிறுவினார். மகன் முத்தையா 1933இல் சென்னை மேயரானார். இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை தலைமுறையும் ஓட்டலாம். ஆளைப் பிரித்துக்காட்ட இருக்கவே இருக்கிறது விலாசம் என்று அவர்கள் சொல்லும் தலைப்பெழுத்துக் கோவை. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைக்கு அந்த விலாசம்தான் முகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகனுக்கு வைத்ததோ மாமனார் பெயர். ஆகவே பெற்றவள் பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிடவே முடியாது. ராசா, தம்பி, அப்பு, ஐயா என்று ஏதோ ஒரு வீட்டுப்பெயர் முளைத்துவிடும். அதனால் ஏட்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக இருப்பது எவருக்கும் வினோதமாகப் படவில்லை. உ.வே. சாமிநாதையருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்தது சாமா. 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் விசாரித்து, சாமா என்பது சாமிநாதன் என்று அறிந்து அதையே நிலைக்கச் செய்தார். தமிழுலகம் அறிந்த பெயர் பதினாறு வயதுக்கு மேல் வந்தது. பெயர் அப்போது அவ்வளவு நெகிழ்வான சரக்கு.

கிராமத்தில் சாமிதான் பெயர்ச் சுரங்கம். நெல்லைச் சீமையில் சுடலை, இசக்கி, மாடன். நெல்லையப்பனும் காந்திமதியும் கோயிலைச் சுற்றி. சங்கரன்கோவில் பக்கம் கோமதி, கொங்கில் பழனிச்சாமி, மதுரையில் பாண்டி, முனியாண்டி. வட்டாரத்துக்கு ஒரு பெயர்க் கொத்து. கொத்துக்குள் ஆளைப் பிரிக்கப் பட்டப்பெயர். மேலத்தெரு சுப்பையா, வண்டிக்கார சுப்பையா, நெட்டை சுப்பையா. பெற்ற நான்கு பிள்ளைகள் போய்ச் சேர்ந்த வீட்டில் ஐந்தாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றார்கள், மூக்கைக் குத்தி மூக்கன் என்றார்கள், பிச்சை என்றார்கள். எமனுக்கு ஆசை வரக் கூடாது என்பது கணக்கு. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிக்குப் போதும்பொண்ணு, வேண்டாம். யாரும் விரும்பி வைக்காத பெயர் என்ற வகையில் இவை அபூர்வப் பெயர்களாக இருக்க வேண்டும். சாவு மலிந்திருந்ததால் இவையும் மலிந்தன.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. நிலமும் பட்டமும் உள்ளவனுக்கு அடைமொழி கௌரவமாக அமைந்தது. இல்லாதவனுக்கு அது சாதியாகவும் ஊனமாகவும் ஏளனமாகவும் அமைந்தது. சேரியில் பிறந்தவன் ராமசாமி என்று பெயர் வைத்துக்கொண்டாலும் ஊர்த்தெருவில் அவன் ராமன்தான். சாமி என்ற ஈறு அவனுக்குத் தரப்படாது. அடைமொழிகள் கழன்றதற்குப் பாதிக் காரணம் அவை கழற்றப்பட வேண்டியவையாக இருந்ததுதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் சொன்னது. ஒரு தலைமுறைக்குள் பிள்ளையும் முதலியாரும் நாடாரும் பள்ளிக்கூட ஏட்டிலிருந்து பெருமளவு மறைந்தன. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் இது. பட்டம் போனாலும் தலைப்பெழுத்து இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, தேய்ந்துகொண்டே. ஈரோடு வேங்கடப்பர் மகன் ராமசாமிக்கு ஈ.வெ. என்று ஊரும் தகப்பனும் இரண்டெழுத்தில் நின்றார்கள். ராமேசுவரத்து அப்துல் கலாமுக்கு முன்னால் அவுல், பகீர், ஜைனுலாபுதீன் என்று மூன்று தலைமுறை நின்றது. பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவனின் மகனுக்கு எந்த ஊர் எழுத்தைப் போடுவது? ஊர் உதிர்ந்தது, தகப்பனின் ஓரெழுத்து மிஞ்சியது. எஸ். முருகன் என்று தேர்வுப் பட்டியலில் ஒரே பக்கத்தில் ஏழு பேர் வரிசையாக நிற்கத் தொடங்கியது அப்போதுதான். நெட்டை, குட்டை என்று எழுத அந்தப் பட்டியலில் இடமில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. புதுப்பெயர் ஆசை தேர்வுப் பட்டியலுக்கும் நகரத்துக்கும் முந்தியதாயிற்றே, 1916இல் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனது எந்தப் பட்டியலுக்காக என்று கேட்கலாம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும், 1953இல் ஒரு குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயர் விழுந்ததும் அடையாளக் குழப்பத்தைத் தீர்க்க நடந்தவை அல்லவே. உண்மைதான். அந்தப் பெயர்களின் வேலையே வேறு. ராமையா என்ற ஒருவரை மற்ற ராமையாக்களிடமிருந்து பிரிப்பதற்காக அன்பழகன் வரவில்லை. தன்னை ஒரு கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வந்தது. எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே வைத்த பெயர் அது, எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1970களில் தமிழ்ச்செல்வன், கலைச்செல்வி, மலர்விழி இல்லாத வகுப்பறை அரிதாயிற்று. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் வானதி, குந்தவை, பூங்குழலி என்று வைத்ததும் ஏறக்குறைய அப்படித்தான்: வாசகர் கூட்டத்தின் முத்திரை. அடுத்த வீட்டில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்தத் தலைமுறைக்குத் தெரியாது.

அந்த நிபந்தனை வந்த பிறகு நடப்பது வேடிக்கையாக இருக்கிறது. அபூர்வம் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில் தேடுகிறார்கள்: நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து, இரண்டு மூன்று அசை, காதுக்கு மெல்லிய ஓசை. வலைக்கண் அளவு ஒன்றாக இருந்தால் விழும் மீனும் ஒன்றாகத்தான் இருக்கும். சில ஆண்டுகள் முன்பு அபூர்வமாக இருந்த யாழினியும் கவினும் இன்று முதல் வகுப்பில் இரண்டிரண்டு பேர். ஆசிரியை வருகைப் பதிவேட்டில் எழுத்துச் சேர்த்துப் பிரிக்கிறார். பிள்ளைகள் அதற்குள் கண்ணாடி யாழினி, வேன் யாழினி என்று தங்களுக்குள் முடித்துவிடுகிறார்கள்.

பிரிக்கும் வேலைக்கு இப்போது புதிய ஆளும் வந்துவிட்டது: பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம். நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் தகப்பன் பெயரை முழுதாக எடுத்து அதில் போடுகிறோம். டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் அந்தக் கட்டம் உறைந்துபோகிறது. சண்முகநாதன் என்ற தாத்தாவின் பெயர் மகனுக்கும், மகனின் மனைவிக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறது. அலுவலகத்தில் மருமகளைத் திருமதி சண்முகநாதன் என்று கூப்பிடுகிறார்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதவள் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். தாத்தா பின்னால் நிலையாக உட்கார்ந்துவிட்டதால் முன்னால் பேரனுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாகிவிட்டது. வைக்கிறார்கள்.